எல்லா குரூப்புக்கும் சேரும் ரத்தம்

பசுவந்தனை,
4.8.2024

அன்பு மருமகள் தீபலட்சுமிக்கு உன் தாய்மாமன் நல்லக்கண்ணு எழுதுவது.

இரண்டு வருஷமாக நீயும் என்னோடு பேசவில்லை, நானும் உன்னோடு பேசவில்லை. யார் முதலில் பேசுவது என்பதுதான் போட்டி என்றால் நான் தோற்றுவிட்டேன் என்று வைத்துக்கொள். ஓட்டப்பிடாரம் தாலுகாவிலேயே நான் தோற்ற முதல் போட்டி இது.

போன் செய்திருப்பேன். உன் அம்மா நம்பர் தர மறுக்கிறாள். "எண்ணே, நீங்க பேசுனா சண்டையில போய் நிக்கும், வேண்டாம்" என்கிறாள். நான் என்றைக்குச் சண்டை போட்டேன்? அவள் நம்பர் தராததும் நல்லதுதான். போன் என்றால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும், மனசு மாறினால் எடுத்து வாசிக்கலாம். நீ அம்மாவுக்கு அனுப்பிய சேலைப் பார்சலின் அட்டையைப் பார்த்து உன் புனே முகவரியை எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் இத்தனை இங்கிலீஷ் எழுத்தை ஒன்றுவிடாமல் எழுதியதைப் பார்த்து போஸ்ட் ஆபீஸ் அம்மாவே அசந்துபோனாள்.

நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன என் மகன் மாரிசெல்வத்துக்கு உன் சித்தி பெருமாயி மகள் காளீஸ்வரியைக் கட்டிவைத்தது தெரிந்திருக்கும். பத்தாயிரம் பேர் வந்தார்கள். நீ வரவில்லை. காளிக்கு இப்போது ஆறாம் மாதம்.

நான் எழுத வந்தது வேறு. போன வாரம் செல்லத்துரை டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் வேண்டுமென்றே சத்தமாகக் கேட்டான்: "என்ன அண்ணாச்சி, மாமன் மகனை உதறிட்டு ஓடுனாளே ஒம்ம மருமவ, அங்கன என்னதான் செய்யுதா?"

"ரத்தம் செய்யுதா" என்றேன்.

"ரத்தமா? ஆட்டுரத்தமா, கோழிரத்தமா?"

"மனுச ரத்தம்லே. உடம்புக்கு வெளிய, மிசினுல."

உன் அம்மா சொன்னதை வைத்து இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மேற்கொண்டு கேட்டால் சொல்ல எனக்கு விவரம் வேண்டும். விவரமாக எழுது. ஓடிப்போனவள் என்று இனி ஒருத்தனும் வாயைத் திறக்கக் கூடாது, அதற்கு நான் பொறுப்பு.

உன் மாமன்,
நல்லக்கண்ணு

*

புனே,
13.8.2024

மாமாவுக்கு,

கவரைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க மேசைமேல் வைத்திருந்தேன். திட்டித்தான் எழுதியிருப்பீர்கள் என்று பயம். பிரித்துப் பார்த்தால் பத்தாயிரம் பேர் வந்த கல்யாணம். உங்கள் வீட்டு முற்றத்தில் இருநூறு பேர் நின்றாலே சுவர் சாயும். ரொம்ப நாளைக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

மாரி அத்தானைப் பிடிக்காமல் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று தலைமுறையாக நம் வீட்டில் பெண்ணை வெளியே கொடுக்கவும் இல்லை, வெளியிலிருந்து எடுக்கவும் இல்லை. அது என்னோடு நிற்கட்டும் என்று நினைத்தேன். அதை உங்களிடம் மரியாதையாகச் சொல்லத் தெரியவில்லை. மன்னியுங்கள்.

விவரம் கேட்டீர்களே. கரியும் ஃப்ளோரினும் சேர்ந்த ஒரு திரவம் இருக்கிறது. பார்க்கத் தண்ணீர்தான், கனம் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிராணவாயுவை ஏராளமாக உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். அறுபது வருஷத்துக்கு முன்னால் ஓர் எலியை அதற்குள் முக்கி வைத்தார்கள். எலி சாகவில்லை. திரவத்தையே மூச்சாக இழுத்து விட்டுக்கொண்டு இருந்தது. அந்தத் திரவம் ரத்தத்தோடு கலக்காது. அதனால் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்துப் பால்போல ஆக்குகிறோம். அந்தப் பால் ரத்தக்குழாயில் ஓடிப் பிராணவாயுவைச் சுமக்கும். அதில் அணுக்கள் இல்லை, ஆகவே குரூப்பும் இல்லை. எல்லா குரூப்புக்கும் சேரும்.

அதைச் செய்கிறவர்களில் நானும் ஒருத்தி. போட்டோ வைத்திருக்கிறேன். கையில் இருக்கும் குப்பிதான் அது.

காளியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தீபா

*

பசுவந்தனை,
1.9.2024

வெள்ளை ரத்தம் கண்ட மருமகளுக்கு மாமன் எழுதுவது.

உன் போட்டோவை கோவில்பட்டிக்குக் கொண்டுபோய் லேமினேஷன் செய்து சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஃப்ளோரின் என்று எழுதியதும் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நம் கிழக்குக் கிணற்றுத் தண்ணீரில் இருப்பதும் அதுதானே? குடித்தவன் பல்லெல்லாம் மஞ்சள் கோடு விழுகிறது என்று சர்க்காரே போர்டு வைத்துப் பூட்டியதே, அந்தக் கிணறு. ஆக இந்த ஊர்க்காரன் உடம்பில் பாதிச் சரக்கு ஏற்கெனவே இருக்கிறது, மீதியை நீ ஊற்றினால் போதும் என்று செல்லத்துரை கடையில் விளக்கினேன். படித்த வாத்தியார் ஒருத்தர் எழுந்தே போய்விட்டார், பதில் சொல்ல முடியாமல்.

இப்போது முக்கியமான சங்கதி. காளீஸ்வரிக்கு ரத்தம் பார்த்ததில் ஓ மாதிரி இருக்கிறதாம், ஆனால் ஓ ரத்தத்தோடு சேர்த்தால் திரிந்துபோகிறதாம். மேலே அனுப்பிச் சோதித்துவிட்டு பாம்பே குரூப் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நம் முன்னோரில் ஒருத்தனும் மணியாச்சி ஜங்ஷனைத் தாண்டியதில்லை, ரத்தம் மட்டும் எப்போது பாம்பே போனதோ. அந்த குரூப்புக்கு அந்த குரூப்புதான் ஏறுமாம். சொந்தத்தில் எல்லோரையும் கையை நீட்டச் சொன்னார்கள். பதினோரு பேர் நீட்டினோம். காளியின் அண்ணன் யோகராஜ் ஒருத்தனுடையதுதான் பொருந்தியது. அவன் கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கிறவன், இப்போது லீவில் இருக்கிறான்.

டாக்டரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நஞ்சுக்கொடி கீழ இறங்கி இருக்கு, ரத்தப்போக்கு வரலாம், ரெண்டு மூணு யூனிட் கையில இருக்கணும்" என்றார். எல்லோரும் பயந்துபோனார்கள். நான் பயப்படவில்லை. சட்டைப்பையில் இருந்து உன் போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இது யாரு?"

"எங்க மருமக. இவ கையில இருக்கது எல்லா குரூப்புக்கும் சேரும்."

டாக்டரம்மா பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "பெரியவரே, இது போட்டோ. எனக்கு வேணும்கிறது ரத்தம்."

பொறாமை. அவரும் படித்தவர்தானே. காளி மட்டும் அந்தப் போட்டோவை வாங்கி வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, "பெரியம்மாவைப் பாரு" என்று பிள்ளைக்குக் காட்டினாள்.

எத்தனை பாட்டில் அனுப்புவாய், ஐஸ் வேண்டுமா, எழுது.

நல்லக்கண்ணு

*

புனே,
9.9.2024

மாமா,

காளியின் விஷயம் படித்ததிலிருந்து கை ஓடவில்லை. அது நம் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்த ரத்தம். ஒரே சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டே வந்தால் இப்படி ஒருவருக்கு வாய்க்கும்.

எங்கள் சரக்கை எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு இன்னும் அனுமதி வரவில்லை. சோதனை நடந்துகொண்டிருக்கிறது. பிரசவத்துக்கு முன்னால் கிடைப்பது கஷ்டம். டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். யோகராஜ் கூடவே இருக்கட்டும்.

நீங்கள் டீக்கடையில் சொல்வதையெல்லாம் அம்மா போனில் சொன்னாள். கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

தீபா

*

பசுவந்தனை,
6.10.2024

மருமகளுக்கு,

மழை இன்னும் இறங்கவில்லை. உளுந்தும் பாசியும் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கிறோம். என் டிராக்டர் இந்த வருஷம் ஆயிரம் ஏக்கர் உழுதிருக்கிறது.

நல்ல காரியம் ஒன்று செய்தேன். யோகராஜைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டேன். சிங்கப்பூரில் எட்டாம் தேதி ஏறச் சொல்லி, இந்தத் தடவை ஒரு படி உயர்த்திப் போட்டு ஓலை வந்திருந்தது. அவன் போகமாட்டேன் என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நானே மணியாச்சி வரைக்கும் போய் ரயில் ஏற்றிவிட்டேன். பிளாட்பாரத்திலும் அதே பேச்சுதான்.

"மாமா, நவம்பர் பிறந்ததும் வந்து ரத்தம் குடுக்கச் சொல்லியிருக்காவ. கப்பல் எங்க போயிரும், அடுத்ததுல ஏறிக்கிடுதேன்."

"ஏலே, ஒன் ரத்தம் செவப்பு. அக்கா ரத்தம் வெள்ளை. எது ஒசத்தி?"

"நெசமா வருதா மாமா?"

"நான் பொய் சொல்லுவனா?"

அவன் சிரித்துவிட்டான். "நீங்க சொல்லுத பொய்யைக் கேட்டுத்தான மாமா நாங்க வளந்தோம்."

"இது அந்தக் கணக்கு இல்லலே. அக்கா கைப்பட எழுதியிருக்கா." உன் கடிதத்தை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். எல்லா குரூப்புக்கும் சேரும். இரண்டு தடவை வாசித்தான். பிறகுதான் பெட்டியைத் தூக்கினான். அடுத்து வந்த கடிதத்தைக் காட்டவில்லை. அனுமதி, சோதனை என்று அவனை எதற்குக் குழப்ப வேண்டும்? அனுமதிதானே, நான் வாங்குகிறேன். எம்.எல்.ஏ. வீட்டு வாசல் வரைக்கும் போகிறவன் நான்.

ஒன்று சொல்கிறேன், வெளியில் சொல்லாதே. நீ போன பிறகு இந்த இரண்டு வருஷம் உன்னைப் பற்றி இந்த ஊர் பேசாத பேச்சில்லை. உன் அம்மா தண்ணீர்க் குழாய்க்குக்கூட எல்லோரும் போன பிறகுதான் போவாள். இப்போது தெருவில் போனால் "டாக்டரோட அம்மா" என்கிறார்கள். இந்த ஆவணிக் கோயில் கொடையில் சந்தனம் முதலில் அவளுக்குத்தான் கொடுத்தார்கள். உன் பெயரை நான் நிமிர்த்திவிட்டேன். இப்போது நீ ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

நல்லக்கண்ணு

*

புனே,
12.10.2024

மாமா,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. உடனே அம்மாவைக் கூப்பிட்டு உங்களிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். வயலில் இருப்பதாகச் சொல்லச் சொன்னீர்கள். பின்னால் உங்கள் குரல் எனக்குக் கேட்டது. அதனால் எழுதுகிறேன். ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். அடியில் என் நம்பர் இருக்கிறது.

யோகராஜுக்கு லைன் போகவில்லை. கப்பல் ஏஜென்டைப் பிடித்துக் கேட்டேன். ஒன்பதாம் தேதியே சிங்கப்பூரை விட்டுவிட்டது. அடுத்த துறைமுகம் பிரேசில். இருபத்தேழு நாள். நடுக்கடலில் யாரையும் இறக்க முடியாது.

இப்போது நான் சொல்வதை ஒரு வரி விடாமல் வாசியுங்கள்.

நான் ரத்தம் செய்கிறவள் இல்லை. துளியை உடைக்கிற மெஷினைக் கழுவி, துடைத்து, மாட்டி, ஓட்டுகிறவள். பெரிய படிப்புப் படித்தவர்கள் வேறு அறையில் இருக்கிறார்கள். அந்தக் குப்பியை போட்டோவுக்காகக் கையில் வாங்கினேன். அது எலிக்கும் முயலுக்கும் மட்டும்தான் போகிறது. ஏற்றினாலும் மூக்கில் சுத்தமான பிராணவாயு வைத்திருக்கிற வரைக்கும்தான் வேலை செய்யும். சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்களையும் குறைத்துவிடும். ரத்தப்போக்கில் கிடக்கிற பெண்ணுக்கு அதைத் தரச் சொல்லி நான் கேட்கவே மாட்டேன்.

இதையெல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இரண்டாவதிலாவது எழுதியிருக்க வேண்டும். அனுமதி வரவில்லை என்று நாகரிகமாக எழுதினேன். ஊரில் நான் பெரியவளாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது மாமா.

இந்தப் பக்கம் பாம்பே குரூப்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். தேடிக்கொண்டிருக்கிறேன். காளியிடமும் மாரி அத்தானிடமும் டாக்டரிடமும் இன்றே உண்மையைச் சொல்லுங்கள். இன்றே.

தீபா

*

பசுவந்தனை,
19.10.2024

தீபலட்சுமிக்கு,

கடிதம் வந்தது. வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை.

கழுவுகிறவள் என்று எழுதியிருக்கிறாய். இருந்தால் என்ன? கழுவாமல் மெஷின் ஓடுமா? அதைக் குறைவாக நினைக்காதே.

டாக்டரம்மாவிடம் யோகராஜ் இல்லை என்பதைச் சொல்லிவிட்டோம். கத்தினார். மதுரைக்கும் சென்னைக்கும் அவரே போன் போட்டுக்கொண்டிருக்கிறார். மாரியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். அவன் அலமாரியைக் காலிசெய்து பிள்ளைத் துணிக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தான். காளியிடமும் போனேன். ஆஸ்பத்திரிச் சிஸ்டரிடம் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "எங்களுக்குப் பயம் இல்லக்கா, எங்கக்கா பூனாவில இருந்து அனுப்புதா." என்னைப் பார்த்ததும், "ஏன் மாமா, அந்தப் பால் ஏத்துனா பிள்ள செவப்பாப் பொறக்குமா வெள்ளையாப் பொறக்குமா?" என்று கேட்டாள். "வெள்ளையா, வெள்ளைக்காரன் மாதிரி" என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்?

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நீ தேடுகிறாயே, நிச்சயம் கிடைக்கும். கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். அப்போது சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

மழை இறங்கிவிட்டது. கரிசல் ஒரு முழத்துக்குக் கீழே வரை நனைந்திருக்கிறது.

நல்லக்கண்ணு

*

புனே,
9.11.2024

மாமா,

போனில் வேண்டாம் என்று முடிவு செய்தேன். உங்கள் குரலைக் கேட்டால் நான் நம்பிவிடுவேன். எழுதினால் நீங்களும் யோசித்துத்தான் ஒரு சொல் வைக்க வேண்டும்.

அக்டோபர் இருபத்தாறாம் தேதி மத்தியானம் காளிக்கு ரத்தம் போக ஆரம்பித்ததும் அம்மா கூப்பிட்டாள். அன்று சாயந்தரமே இங்கே ஒருவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையை நீட்டினார். காளி யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. காகிதமெல்லாம் வாங்கி, பெட்டியில் வைத்து, முதல் விமானத்தில் ஏறினேன். அது ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகவில்லை. மதுரையிலிருந்து கார். நான் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது மறுநாள் மத்தியானம் மணி ஒன்று. காளி போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது நீங்கள் எல்லோரிடமும் சொன்னதைக் கேட்டேன். "எம் மருமக வெள்ளை ரத்தத்தோட வந்துட்டாய்யா, பிளேன்காரன் லேட் பண்ணிட்டான்" என்று மாரில் அடித்துக்கொண்டீர்கள். பெருமாயி சித்தி என் கையைப் பிடித்து, "நீ கொண்டுவந்தியேத்தா, எங்களுக்குத்தான் குடுத்து வைக்கலை" என்று அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. உங்களைவிட என் தப்பு பெரிது.

பெட்டியில் இருந்தது சிவப்பு ரத்தம் மாமா. பிரிக்காமலே ரத்த வங்கியில் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

பிள்ளை பிழைத்துக்கிடக்கிறது என்று அம்மா சொன்னாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பிராணவாயுக் குழாயோடு. மாரி அத்தான் போய்ப் பார்ப்பதில்லையாமே?

யோகராஜ் பிரேசிலில் இறங்கிவிட்டான். முப்பதாம் நாளுக்கு ஊருக்கு வருகிறான். நேற்றுப் பேசினான். "நான் இருந்திருந்தா இருப்பாக்கா" என்பதைத் தவிர வேறு சொல்லவில்லை. பதவிக்கு ஆசைப்பட்டுத் தங்கையை விட்டுவிட்டுப் போனவன் என்று அவன் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறான். அவனைப் போகவைத்தது யார், எந்த வரி என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவனிடம் சொல்லுங்கள். எல்லோர் முன்னிலும் சொல்லுங்கள். நானும் அவனுக்கு முழுவதும் எழுதுகிறேன், கழுவுகிற வேலை உட்பட. என் பெயர் விழுந்தால் விழட்டும்.

தீபா

*

பசுவந்தனை,
15.11.2024

தீபாவுக்கு,

மாரில் அடித்துக்கொண்டபோது அதைப் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. சொல்லி முடித்ததும் எனக்கே அப்படித்தான் நடந்தது போலிருந்தது. இப்போதும் சில நேரம் அந்தப் பிளேன்காரன்மேல் கோபம் வருகிறது. இதை நீ நம்ப மாட்டாய்.

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். உடுப்பெல்லாம் ரத்தம். என்னைத்தான் முதலில் பார்த்தார். என்ன சொல்லுவாரோ என்று நின்றேன். திட்டியிருக்கலாம். அவர் கண் என் சட்டைப்பையைப் பார்த்தது. போட்டோ அங்கேதான் இருந்தது.

காளியை உள்ளே கொண்டுபோகும்போது கையை ஆட்டினாள். பயமே இல்லாமல் போனாள், தீபா. எனக்கு அதுதான் தாங்கவில்லை. மற்ற பெண்கள் அழுதுகொண்டு போவார்கள். இவள் பயப்படாததற்குக் காரணம் நான்.

மாரி என்னோடு பேசுகிறான், சாப்பிட்டீர்களா என்று கேட்கிறான். அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் கேட்க மாட்டான்.

சொல்லுகிறேன். முப்பதாம் நாள் சொல்லுகிறேன்.

நல்லக்கண்ணு

*

பசுவந்தனை,
8.12.2024

தீபாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

முப்பதாம் நாள் பந்தலில் இருபத்தெட்டுப் பேர் இருந்தார்கள். எண்ணினேன். இலை போடுவதற்கு முன்னால் எழுந்து நின்றேன். யோகராஜ் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், தாடியோடு. மாரி வாசலில் நின்றான்.

"வெள்ளை ரத்தம்னு ஒண்ணு வரவே இல்ல. வரவும் வராது. தீபா கொண்டுவந்தது செவப்பு ரத்தம், பூனாவில யாரோ ஒரு புண்ணியவான் குடுத்தது. யோகராஜ் போகமாட்டேன்னுதான் சொன்னான். நான்தான் பொய் சொல்லி ரயிலேத்தி விட்டேன். காளியைக் கொன்னது நான்."

ஒருத்தராவது எழுந்து வந்து என்னை அடிப்பார்கள் என்று நினைத்தேன். மாரியைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

செல்லத்துரைதான் எழுந்து வந்தான். என் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். "அண்ணாச்சி, மனசு பேதலிச்சுப் பேசாதிய. பிளேன் லேட்டானா நீங்க என்ன செய்விய? அந்தப் பிள்ள பெட்டியோட வந்து உக்காந்திருந்ததை நாங்க கண்ணால பாத்தோம்லா."

"அது செவப்பு ரத்தம்வே."

"சரி சரி, செவப்புத்தான். தண்ணியக் குடிங்க."

பெருமாயி சொன்னாள்: "எண்ணே, பெத்தவ நானே எந்திரிச்சு நடமாடுதேன். நீங்க எல்லாப் பழியையும் ஒங்க தலையில போட்டுக்கிட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

யோகராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மெதுவாகத்தான் பேசினான். "எனக்காகச் சொல்லுதிய, தெரியுது மாமா. நான் எம் மேல பழி போட்டுக்கிடக் கூடாதுன்னு சொல்லுதிய. நீங்க சொல்லாட்டியும் நான் போயிருப்பேன். மேல் வேலைக்கு ஆசப்பட்டுத்தான் போனேன்."

"இல்லலே. சத்தியமாச் சொல்லுதேன்."

"அக்கா கையெழுத்தை நானே பாத்தனே மாமா. ரெண்டு தடவ வாசிச்சேன்."

நீ யோகராஜுக்கு எழுதிய கடிதம் மறுநாள் வந்தது. இதோ அக்காவே எழுதியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் வாசித்தான். மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தான். "அக்காவையும் எழுத வச்சிட்டியளா? அவ மெசினு கழுவுதவன்னு அவளையே எழுத வச்சிருக்கிய. வேண்டாம் மாமா. அவளையாவது நல்லா இருக்க விடுங்க."

என் இரண்டாவது சாட்சி உன்னுடைய இரண்டாவது கடிதம்தான், அனுமதி வரவில்லை என்று எழுதியது. அதையும் காட்டினேன். தேதியைப் பார்த்தான். "இதை அன்னைக்கே வச்சிருந்தா காட்டியிருக்க மாட்டியளா? இப்பத்தான எழுதி வாங்குனிய?" என்றான். வைத்திருந்தேன், காட்டவில்லை என்று எத்தனை முறை சொல்வது? சொல்லச் சொல்ல அவனுக்கு என்மேல் பிரியம்தான் கூடுகிறது.

நேற்று அவன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். பிள்ளையைப் பார்க்கப் போகிறான் என்று நானும் கூடப் போனேன். பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். எடை இரண்டு கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. பார்த்துவிட்டு நேராக ரத்த வங்கிக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்தான்.

சிஸ்டர் புரியாமல் கேட்டார்: "யாருக்குத் தம்பி? இந்த குரூப்புக்கு இப்ப யாருமே இல்லையே."

"எடுங்க. எடுத்து வச்சுக்கிடுங்க."

"வச்சிருந்தாலும் மாசம் ஒண்ணுக்கு மேல நிக்காது."

"பரவாயில்ல. எடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவனைப் படுக்கவைத்தார்கள். நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவன் கண்ணை மூடிக் கையை மூடி மூடித் திறந்தான், அவர்கள் சொன்னபடி.

ஊசி ஏறும்போது பதினொன்று இருபது. பை நிறைந்து சிஸ்டர் குழாயைக் கட்டும்போது பதினொன்று இருபத்தொன்பது. கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

ஒன்பது நிமிஷம், தீபா.

நல்லக்கண்ணு